முப்பத்துநாலு கேட்ட மேஸ்திரி

என் அக்கா வீட்டுக்காரரிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பார்ப்பது. பேருந்து நிலையமோ, சந்தையோ, துக்க வீடோ, அவருக்கு மனிதர்கள் இரண்டாவது. கூரையைத் தாங்குகிற இரும்புதான் முதலாவது. தோள்வலிக்காக மருத்துவமனைக்குப் போனபோதும் இதே கதைதான். டாக்டர் வலது தோளை அழுத்தி, "இங்க வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது சார். அதோ, ரெண்டாவது வரிசையில ஒரு போல்ட்டுக்கு வாஷர் போடாம விட்டிருக்கான் பாருங்க."

டாக்டரும் பாவம் அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். இரண்டு முறை ஊசி போட்டாயிற்று, மூன்றாவது ஊசி கிடையாது. இப்படியே கோணல் மாணலாக இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு வருடத்தில் கை தலைக்கு மேல் தூக்க வராது.

"தலைக்கு மேல தூக்க வரலேன்னா இவருக்கு வேலையே இல்லையே" என்றாள் அக்கா.

இவர் தொழில் அப்படி. எஃகுக் கட்டடங்களுக்குத் தூணும் பீமும் செய்து நிறுத்துகிற கம்பெனியில் போல்ட் மேஸ்திரி. இருபத்திரண்டு வருட சர்வீஸ். கிரேன் பீமைத் தூக்கிக்கொடுக்கும். துளைக்குத் துளை பார்த்து போல்ட்டைச் செருகி, காற்றில் ஓடுகிற முறுக்குத் துப்பாக்கியால் இறுக்குவது இவருடைய ஆட்களின் வேலை. அதற்குப் பெயர் கன். கன்னின் மூக்கில் மாட்டுகிற இரும்புக் கிண்ணம் சாக்கெட். அது நட்டைக் கவ்விக்கொண்டு சுற்றும். சுற்றி இடமிருந்தால் கன் நேராக நிற்கும், கட்டைவிரல் அழுத்தத்தில் வேலை முடிந்துவிடும். பக்கத்தில் ஒரு தகடு நெருக்கிக்கொண்டு நின்றால் கன்னைச் சாய்த்து, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்க வேண்டும். உதைக்கும். அந்த உதை இருபத்திரண்டு வருடமாக ஒரே தோளில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தகட்டை அவ்வளவு நெருக்கத்தில் வரைகிறவர்கள் யார் என்றால், அதே கம்பெனியின் டிராயிங் பிரிவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பட்டச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியவர் மாமா. ஆணி அடிக்கவில்லை, நாலு மூலைக்கும் நாலு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். "நிலநடுக்கம் வந்தா வீடு போகும், உன் டிகிரி நிக்கும் மாப்ள" என்பார். சந்தோஷமாக இருந்தால் மாப்ள. கோபம் வந்தால் இஞ்சினியர் சார்.

மருத்துவமனையிலிருந்து வந்த அந்த வாரம் முழுக்க நான் இஞ்சினியர் சாராகவே இருந்தேன்.

அப்போதுதான் அலுவலகத்துக்கு அந்த வரைவு வந்தது. எஃகுக் கட்டட வேலையில் எவ்வளவு கனத் தகட்டுக்கு எத்தனை போல்ட், எந்தப் பற்றவைப்பு எவ்வளவு தடிமன் என்று எல்லாவற்றுக்கும் விதி வகுக்கிற தர நிர்ணய அமைப்பு ஒன்று இருக்கிறது. அது வெளியிடும் புத்தகத்தை மீறி நாங்கள் ஒரு கோடு இழுக்க மாட்டோம். சில வருடங்களுக்கு ஒருமுறை புத்தகத்தைத் திருத்துவார்கள். திருத்துவதற்கு முன்னால் வரைவை எல்லோருக்கும் அனுப்பி, குறை இருந்தால் அறுபது நாளைக்குள் எழுதுங்கள் என்பார்கள். பெரிய கம்பெனிகளும் கல்லூரிகளும் எழுதும். போல்ட் போடுகிறவர்கள் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழைய புத்தகத்தில் போல்ட்டைச் சுற்றி விட வேண்டிய இடம் பற்றி ஒரே வரிதான்: "இறுக்கும் கருவிக்குப் போதிய இடம் விடப்பட வேண்டும்." புதிய வரைவில் எண்ணே கொடுத்துவிட்டார்கள். எங்கள் வேலைகளில் அதிகம் வரும் இருபத்துநாலு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, அதன் நடுவிலிருந்து பக்கத்துத் தகடு வரை குறைந்தது முப்பது மில்லிமீட்டர்.

சாப்பிடும்போது இதை நல்ல செய்தி மாதிரி சொல்லிவைத்தேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"முப்பதா?"

"ஆமா மாமா. இனிமே ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வரைய முடியாது. ஒரே கணக்கு."

"யோவ் இஞ்சினியர் சார், குறைஞ்சது முப்பதுன்னு எழுதிட்டா, எவனாவது முப்பத்தொண்ணு வரைவானா? நீ வரைவியா?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"இப்பவாவது பத்து கட்டடத்துல ரெண்டு கட்டடம் நெருக்கம். இனிமே நாடு பூரா நெருக்கம்தான். என் தோளு போச்சு. போட்டிக் கம்பெனி நெட்டையன் தோளும் போச்சு. அவன் தோளு போனா எனக்குக் கவலையில்ல, ஆனா என்னோடது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"ரெண்டு இருக்கே" என்றாள் அக்கா.

"இடது தோள்ல கன் பிடிக்கறவன் பொறந்திருக்கானா இன்னும்?"

"இங்க கத்தினா அவங்களுக்குக் கேக்குமா? எழுதச் சொல்றாங்களே, எழுதுங்க. கையெழுத்து நல்லாயில்லேன்னா இவன் டைப் அடிப்பான். டிகிரி சும்மாதானே தொங்குது."

இப்படித்தான் வம்பு ஆரம்பித்தது.

கருத்துப் படிவம் என்று ஒன்று. நாலே கட்டம். விதி எண், குறை என்ன, அதற்குக் காரணம், மாற்று வாசகம். முதல் மூன்று கட்டத்தையும் மாமா அரை மணி நேரத்தில் சொல்லி முடித்தார். அதிலிருந்த வசவுகளை நீக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலாவது கட்டத்தில் வண்டி நின்றது. உங்கள் விதி சரியில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. அதற்குப் பதிலாகப் புத்தகத்தில் என்ன அச்சாக வேண்டும் என்பதை நாமே எழுதித் தர வேண்டும். அது காலியாக இருந்தால் கருத்து செல்லாது.

"எழுது. 'மனுஷன் போல்ட் போடற மாதிரி வரைங்கடா.'"

"விதியில 'டா' வராது மாமா."

"சரி, 'வரைங்க.'"

"மனுஷன் போடற மாதிரின்னா எப்படின்னு கேப்பாங்க."

"கேக்கறவன மேல ஏறி வரச் சொல்லு!"

மூன்று சாயங்காலம் இந்த ரீதியில் போயிற்று. திட்டுவதென்றால் மாமாவுக்கு வார்த்தை அருவியாகக் கொட்டும். 'இப்படி இருக்கட்டும்' என்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் நெற்றியில் வேர்க்கும். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா பொறுமை இழந்தாள்.

"உங்களுக்கு என்னதான் வேணும்? கன்னு நேரா போகணும், அவ்வளவுதானே? அதையே எழுதித் தொலைங்களேன்!"

மாமா என்னைப் பார்த்தார். நான் அடித்தேன்: 'சாக்கெட் எந்தப் பக்கமும் உரசாமல் நேராக நட்டின் மேல் இறங்க வேண்டும். இதற்காக விட வேண்டிய இடம்...' எண்ணுக்கு அளவு வேண்டும். மாமா உள்ளே போய்த் தன் கருவிப் பெட்டியைத் தூக்கி வந்தார். அதிலிருந்து சாக்கெட்டை எடுத்து வெர்னியர் அளவுகோலில் கவ்விப் பிடித்தார்.

"வெளிப்புறம் அம்பத்தெட்டு. பாதி இருபத்தொம்பது. துளை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பெயிண்டு இருக்கும், அதுக்கு அஞ்சு சேத்துக்கோ. முப்பத்துநாலு. போடு."

முப்பத்துநாலு என்று போட்டோம். கீழே பெயர், தொழில். தொழில் என்ற இடத்தில் 'போல்ட் மேஸ்திரி' என்று அடித்தபோது மாமா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் இரண்டு முறை படித்தார். ஐம்பத்தொன்பதாம் நாள் அனுப்பினோம்.

பதில் வருமென்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வந்தது. வந்த ஒவ்வொரு கருத்துக்கும் குழு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கமாம். குழுவின் செயலர் அம்மாள் கையெழுத்திட்டிருந்தார். முப்பத்துநாலு என்பதன் அடிப்படையை நேரில் விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

மாமாவுக்கு அன்றிலிருந்து மூன்று பிரச்சினை. ஒன்று, எந்தச் சட்டை. இரண்டு, எங்கள் கம்பெனி மேலாளர் எஃகு உற்பத்தியாளர்கள் சார்பில் அதே குழுவில் உறுப்பினர். மூன்று, நெட்டையர்.

நெட்டையர் போட்டிக் கம்பெனியின் போல்ட் மேஸ்திரி. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சைட்டில் ஒரே கிரேனுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மாமாவின் கருத்தைப் பார்த்துவிட்டு, களத்து அனுபவம் உள்ள இன்னொருவரும் வரட்டும் என்று குழு அவரையும் கூப்பிட்டிருந்தது.

கூட்டம் ஐந்தாவது மாடியில். நீள மேஜை, ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பென்சில். மாமா உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார். பொய்க்கூரை. ஒன்றும் தெரியவில்லை. அதிலேயே அவருக்குப் பாதி தைரியம் போய்விட்டது. எதிர்ப்பக்கம் எங்கள் மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெட்டையர் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜைக்கடியில் மடக்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு துணிப்பை. படிவம் அடித்தவன் என்ற முறையில் எனக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி.

செயலர் அம்மாள் இனிமையாகத்தான் ஆரம்பித்தார். "சொல்லுங்க மேஸ்திரி. முப்பத்துநாலு எப்படி வந்துது?"

மாமா ஒத்திகை பார்த்ததை எல்லாம் சொன்னார். தோளைப் பற்றிச் சொன்னார். கன் சாய்ந்தால் முறுக்கு சரியாக ஏறாது என்றார். அம்பத்தெட்டு, பாதி இருபத்தொம்பது, கூட அஞ்சு. அழகாகச் சொன்னார். எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு பேராசிரியர் பேசினார். முப்பது என்ற எண்ணை முன்மொழிந்தவர் அவர்தான். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நாங்க முப்பதை வானத்துலேர்ந்து எடுக்கல. ஏற்கெனவே கட்டி முடிச்ச பதினோரு கட்டடத்துல போய் அளந்தோம். முப்பது, முப்பதரை இடைவெளியில போட்ட போல்ட்டுகள் அவ்வளவும் சரியான முறுக்குல இருந்துது. ஒரு கட்டடத்துலயும் புகார் கிடையாது. முடியாதுன்னு நீங்க சொல்றதை உங்க ஆளுங்களே செஞ்சு காட்டியிருக்காங்க. கடைசியா பார்த்தது அந்த ஆத்தங்கரைக் குளிர்பதனக் கிடங்கு. பிரமாதமான வேலை."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கிடங்கு அவர் போல்ட் போட்டது.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார் நெட்டையர். துணிப்பையிலிருந்து ஒரு சாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கடையிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு கூடப் போகவில்லை. "அதே போல்ட்டுக்குத்தான் இது. போன மாசம் வாங்கினது. வெளிப்புறம் அறுபத்துநாலு. அம்பத்தெட்டுன்னு இவரு எதை அளந்தாருன்னு தெரியல. இவர் கேக்கற முப்பத்துநாலுல, என் சாக்கெட்டு ரெண்டு எம்.எம். சந்துல போகணும். துளை கொஞ்சம் தள்ளினா உரசும். கேட்டதே கேட்டாரு, ஒழுங்கா அளந்து கேட்டிருக்கக் கூடாது?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள். மாமா தன் பையிலிருந்த சாக்கெட்டை எடுத்து நெட்டையருடையதன் பக்கத்தில் வைத்தார். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன, தம்பிதான் மெலிந்திருந்தான். மாமாவின் முகத்தில் எதுவோ ஓடியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிறகுதான் புரிந்தது.

குளிர்பதனக் கிடங்கு வேலையில், எட்டு வருடத்துக்கு முன்னால், சாக்கெட் உள்ளே போகவில்லை. டிராயிங் பிரிவுக்குப் போன் போட்டிருக்கிறார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று பதில் வந்திருக்கிறது. நேராகச் சாணைச் சக்கரத்துக்குப் போய், சாக்கெட்டின் வெளிப்புறத்தைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் தேய்த்துவிட்டார். உள்ளே போயிற்று. அதிலிருந்து புது சாக்கெட் எது வந்தாலும் முதல் வேலை சாணை. பெட்டியில் இருப்பது மொத்தமும் தேய்த்தவை. எட்டு வருடத்தில் தேய்க்காத சாக்கெட் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. அதைத்தான் வெர்னியரில் பிடித்து, பத்தினி சத்தியம் மாதிரி அம்பத்தெட்டு என்று சொல்லியிருந்தார்.

வேறு விதமாகச் சொன்னால், பேராசிரியரின் முப்பதைச் சாத்தியமாக்கியதே மாமாவின் சாணைதான். அவர் உண்மையைச் சொல்லாவிட்டால் முப்பது நிற்கும், தோள் போகும். சொன்னால், எதிரே மேலாளர். தேய்த்த சாக்கெட் சுவர் மெலிந்து சுற்றும்போதே வெடிக்கலாம், துண்டு பறக்கலாம். அதனால் கருவியைச் சிதைத்தால் வேலையிலிருந்து நீக்கம் என்று எங்கள் ஒவ்வொரு சைட் வாசலிலும் பலகை இருக்கிறது. அதில் கையெழுத்து அந்த மேலாளருடையதுதான்.

செயலர் அம்மாள் பேனாவை மூடினார். "அப்ப முப்பத்துநாலுக்கு அடிப்படை இல்லைன்னு பதிவு பண்ணிக்கலாமா?"

"இருங்க மேடம்" என்றார் மாமா.

எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். உட்காரவில்லை.

"அந்தக் கிடங்கு என் வேலைதாங்க. இந்த சாக்கெட்டாலதான் போட்டேன். வாங்கினப்ப இது அம்பத்தெட்டு இல்ல, அறுபத்துநாலுதான். நான் சாணை புடிச்சிட்டேன். இது மட்டுமில்ல, என் பெட்டியில இருக்கற அத்தனையும். இப்பதான் எனக்கே உறைக்குது. நீங்க பதினோரு கட்டடத்துல அளந்தது எங்க சாமர்த்தியத்த இல்லைங்க. எங்க திருட்டுத்தனத்த."

மேலாளர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். நான் மனதுக்குள் அக்காவுக்கு என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு சிரிப்பு. நெட்டையர். முதலில் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"என்னய்யா சிரிப்பு?" ஆறு வருடத்தில் மாமா அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"யோவ், நான் எதுக்கு போன மாசம் புதுசு வாங்கினேன்னு நினைக்கிற? பழசு உடைஞ்சு போச்சு! உன்னுது மூணு எம்.எம். நான் நாலு தேச்சேன்!"

"நாலா? பைத்தியமாய்யா உனக்கு? தலை போயிருக்கும்!"

"ஹெல்மெட்டு போச்சு. தலை இருக்கு. நீதான் எப்பவும் சொல்வியே, அதுல ஒண்ணும் இல்லேன்னு."

பேராசிரியர் தன் அறிக்கையைத் திறந்து, பதினோரு கட்டடங்களின் பட்டியலை மாமாவின் முன்னால் வைத்தார். "இதுல வேற எதெல்லாம் தேய்ச்ச சாக்கெட்டு?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, பரீட்சையில் தன் விடையையே திருத்தப்போகிறவருடைய ஆர்வம் இருந்தது. இரண்டு மேஸ்திரிகளும் ஒரே காகிதத்தின் மேல் குனிந்தார்கள். இது உன்னுது, அது என்னுது, இது அந்த வடக்குப் பக்கத்துக்காரன், அவன் சாணைக்குன்னே தனி ஆள் வெச்சிருக்கான். பதினொன்றில் எட்டு தேறியது. மிச்ச மூன்றில் கன் இல்லாமல் கை ஸ்பானரால் மணிக்கணக்கில் முறுக்கியிருந்தார்கள்.

செயலர் அம்மாள் மூடிய பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

திரும்பி வரும் வழியில் மேலாளர் எங்களைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். மாமா பின்சீட்டில் பள்ளிக்கூடப் பையன் போல் சாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி வாசலில் இறங்கும்போதுதான் மேலாளர் வாய் திறந்தார்.

"எட்டு வருஷம். ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல."

"போன் பண்ணேன் சார். அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

மாமா எந்தப் பெயரும் சொல்லவில்லை. டிராயிங் பிரிவில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான். அது எனக்கும் தெரியும்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க! தோளக் காப்பாத்தப் போயி வேலையைக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே!" திட்டி முடித்துவிட்டு, சாப்பாட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நெட்டையரு நிஜமாவே சிரிச்சாரா?" என்று கேட்டாள். மாமா தலையாட்டினார். "அப்ப பேச்சு வந்தாச்சா ரெண்டு பேருக்கும்?" என்றாள். அதற்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலை பெட்டிகளைச் சோதித்தார்கள். தேய்த்த சாக்கெட்டுகள் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புதியவை கொடுத்தார்கள். மாமாவுக்கு வேலை நீக்கம் வரவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எல்லோருடைய பெட்டியிலும் இருந்ததற்கு ஒருவரை மட்டும் நீக்கினால் நாளைக்கு எவனும் வாயைத் திறக்க மாட்டான் என்று மேலாளர் சொன்னதாகக் கேள்வி. கூடவே எங்கள் பிரிவுக்கு ஒரு உத்தரவு: நடந்துகொண்டிருக்கும் பண்டகசாலை வேலையின் எல்லா இணைப்புகளையும் உடனே மறுபடி பார்க்க வேண்டும். அதில் முப்பத்தொன்று என்று வரைந்தவன் நான். புதிய அறுபத்துநாலு சாக்கெட் அதற்குள் போகவே போகாது.

முந்நூற்றுச் சொச்சம் இணைப்பு. தகடு வெட்டி முடித்தது போக மீதி எல்லாவற்றையும் பதினேழு நாளில் திருத்தினேன். வெட்டி முடித்த அறுபதையும் மாமாவின் ஆட்கள் கை ஸ்பானரால் முறுக்கினார்கள். அந்தப் பதினேழு நாளும் என்னை யாரும் மாப்ள என்று கூப்பிடவில்லை.

குழுவின் பதில் ஐந்து மாதம் கழித்து வந்தது. நாடு முழுவதிலிருந்தும் வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே குழுவின் முடிவு. பக்கம் பக்கமாகத் தள்ளி மாமாவுடையதைத் தேடிப் பிடித்தேன். 'பகுதியாக ஏற்கப்பட்டது.'

"பகுதியாவா?" மாமாவின் முகம் சுருங்கியது. "நான் கேட்டதுல பாதிதான் குடுத்தாங்களா?"

"இல்ல மாமா. நீங்க முப்பத்துநாலு கேட்டீங்க. அவங்க முப்பத்தெட்டு குடுத்திருக்காங்க. புது சாக்கெட்டை வெச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க. நாலு கம்பெனி சாக்கெட்டை வாங்கி அளந்திருக்காங்க."

"கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டு, பகுதியாங்கறாங்க?"

"அவங்க பாஷை அப்படி."

கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்கள்: 'இறுக்கும் கருவிகளின் வெளிப்புறத்தைத் தேய்த்தோ வெட்டியோ பயன்படுத்தக் கூடாது.' அதை நான் வாசித்தபோது மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாட்டுல யாருக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைக்காது. இவரு பண்ண தப்புக்குன்னே தனியா ஒரு வரி!"

"என் வாக்கியம் ஏதாவது இருக்கா?" என்றார் மாமா.

இருந்தது, ஆனால் அடையாளம் தெரியாத அளவுக்கு இழைத்திருந்தார்கள். 'உரசாமல்' போய் 'தடையின்றி' ஆகியிருந்தது. ஒரே ஒரு சொல் அப்படியே நின்றது: 'நேராக'.

"அது நான் சொன்னது" என்றாள் அக்கா. அதை அன்றைக்கு மூன்று முறை சொன்னாள். மறுநாள் பக்கத்து வீட்டிலும் சொல்லியிருக்கிறாள்.

புதிய புத்தகம் அச்சாகி வந்து இப்போது ஒரு வருடம் ஆகிறது. அதில் யாருடைய பெயரும் கிடையாது. மாமாவின் தோள் முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார். போன மாதம் டாக்டர் தூக்கிக் காட்டச் சொன்னபோது தூக்கிக் காட்டி, அப்படியே கூரையில் எதையோ சுட்டியும் காட்டினாராம்.

போன வாரம் டிராயிங்கில் ஒரு சந்தேகம் தீர்க்க நான் சைட்டுக்குப் போயிருந்தேன். புது விதிப்படி வரைந்த முதல் பெரிய கட்டடம். மாமா மேலே பீம் மேல் உட்கார்ந்து கன்னை நிமிர்த்திப் பிடித்திருந்தார். ஒவ்வொரு நட்டிலும் சாக்கெட் நேராக இறங்கி, ட்ரர்ர் என்று முடிந்தது. கீழே கிரேன்காரர் அடுத்த பீமைக் கொக்கியில் மாட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இணைப்புத் தகடு நீண்டுவிட்டதால் முன்பு பன்னிரண்டு பீம் அடுக்கிய இடத்தில் இப்போது பத்துதான் அடுக்க முடிகிறதாம்.

"ஓய் மேஸ்திரி!" என்று மேலே பார்த்துக் கத்தினார். "தகட்ட இவ்வளவு நீளமா வைக்கச் சொல்லி எவன்யா விதி போட்டான்?"

கன் நின்றது.

"குழு போட்டுது" என்றார் மாமா.

"குழுன்னா யாரு?"

"எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. அஞ்சாவது மாடியில உக்காந்து போடறாங்க."

"ஒரு நாளாவது சைட்டுப் பக்கம் வந்திருப்பானுங்களா?"

"எங்க வரப்போறாங்க" என்றார் மாமா, முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிராயிங்கை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, காத்துல டிராயிங் ஆடுது பாரு. இறுக்கிப் பிடி" என்று மேலிருந்து சத்தம் வந்தது. பிறகு கன் மறுபடி ஓடத் தொடங்கியது.